நஞ்சுக்கொடியும் நிழற்படமும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளின் ஓரத்திலும் தமிழகத்துக் கிராமப் பாதைகளிலும் சுமைதாங்கிக் கற்கள் சில இன்றும் நிற்கின்றன. இரண்டு கற்றூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைகொடுக்காமலே அதனை இறக்கிவைத்து இளைப்பாறலாம். வயிற்றிலே பிள்ளையைச் சுமந்தவாறே இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கம் இருந்தது. தன் சுமையை இறக்கிவைக்காமலே போனவளின் பெயரால் பிறர் சுமையாவது இறங்கட்டும் என்பது அதன் கருத்து. இவ்வழக்கத்தின் கருணையை வியந்து எழுதியோர் பலர். வியப்பு நியாயமானதே. ஆயினும் அந்தப் பெண் எதனால் இறந்தாள் என்ற கேள்விக்கு அக்கல்லிலே விடை இல்லை. நமது சமுதாயம் தாய் மரணங்களுக்கு நெடுங்காலம் பதிவேடு வைத்திருக்கவில்லை, கல் வைத்திருந்தது.

நமது புனைகதைகளும் திரைப்படங்களும் இந்தக் கல்லின் மரபையே தொடர்ந்தன. பிரசவத்தில் இறக்கும் தாய் தமிழ்க் கதாசிரியனுக்கு மிக வசதியான பாத்திரம். கதாநாயகனைத் தாயற்றவனாக்க வேண்டுமா, சிற்றன்னையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா, தந்தையைக் குடிகாரனாக்க வேண்டுமா, ஒரு பிரசவ மரணம் போதும். இரண்டு வரிகளில் அது முடிந்துவிடும். திரைப்படத்திலோ சத்திர சிகிச்சைக் கூடத்துச் சிவப்பு விளக்கு எரியும். டொக்டர் வெளியே வந்து தாய், சேய் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்று தெரிவிப்பார். பெரிய உயிரா, சின்ன உயிரா என்ற தர்மசங்கடம் எழும். பார்ப்போர் கண்ணீர் விடுவர். அங்கே நேர்ந்தது யாது? இரத்தப் பெருக்கா, வலிப்பா, கிருமித் தொற்றா? கதாசிரியனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் அவனுக்கு இல்லை. காரணம் பெயரிடப்படாத மரணம் விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. விதியின் கணக்கில் எழுதப்பட்டதற்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நமது புராணக் கதையொன்று நவீன கதாசிரியர்களைவிடக் கூர்மையான பார்வையுடையதாய் இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதை அது. நிறைமாதப் பெண்ணொருத்திக்குத் துணையிருக்கப் புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் நிறுத்திவிடுகிறது. இறைவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறான். பக்தி இலக்கியம் இதில் அருளைக் கண்டது. நாம் ஆற்றைக் காண்போம். பெண் இடரில் விழுந்தது வெள்ளத்தினால், பாலமும் ஓடமும் இல்லாத பாதையினால், உரிய நேரத்தில் உரிய ஆள் வந்துசேராத தாமதத்தினால். 1994 இல் தடியஸ், மேன் என்ற இரு ஆய்வாளர்கள் தாய் மரணங்களை விளக்க மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டனர். உதவி தேடுவதென்று முடிவெடுக்கும் தாமதம், மருத்துவமனையை அடையும் தாமதம், அடைந்தபின் தக்க சிகிச்சை கிடைக்கும் தாமதம் என்பன அவை. இரண்டாவது தாமதத்தை நமது மக்களின் கற்பனை எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே கண்டுகொண்டது. பாலம் கட்டும் வழி தெரியாத காலத்தில் அது கடவுளைக் கரையேற்றியது.

இனி விஷயத்துக்கு வருவோம். கருப்பையில் வளரும் சிசுவுக்கு உணவும் உயிர்வளியும் தாயின் இரத்தத்திலிருந்து வந்துசேரும் இடம் நஞ்சுக்கொடி. தமிழகத்தில் இவ்வாறு வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் சூல்வித்தகம் என்கின்றன. அது பெரும்பாலும் கருப்பையின் மேற்பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஒட்டி வளரும். சிலரில் அது கீழே, கருப்பை வாயை மூடியோ அதன் விளிம்பை அண்டியோ அமைந்துவிடுகிறது. பிரசவ காலத்தை எட்டிய கர்ப்பங்களில் ஏறத்தாழ 200 க்கு ஒன்று இவ்வாறு அமையும். பிள்ளை வெளிவர வேண்டிய வாசலில் அதன் உணவுக் களஞ்சியமே குறுக்கே கிடக்கிறது. வாசல் சற்றுத் திறக்கத் தொடங்கினாலும் ஒட்டிய இடம் பிய்ந்து இரத்தம் பெருகும். இதன் கொடுமையான இயல்பு, முதல் இரத்தப்போக்கு பெரும்பாலும் வலியின்றியே வருவது. வலியில்லாதது ஆபத்தில்லாதது என்று நம்பும் வீட்டில், முதலாவது தாமதம் இங்கேதான் பிறக்கிறது.

படம் எடுக்கும் வசதி இல்லாத காலத்தில் மருத்துவர் இதை அறிய விரலையே நம்பினர். அந்த விரலே பெருக்கைத் தூண்டிவிடக் கூடும். எனவே சத்திர சிகிச்சைக்கு வேண்டிய யாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, கூடத்தினுள்ளேயே சோதனை செய்யும் முறை தோன்றியது. பெல்பாஸ்ற் நகரத்து மக்கபி என்ற மருத்துவர் 1945 இல், உள்சோதனையைத் தவிர்த்து, தாயை மருத்துவமனையிலேயே வைத்து, இரத்தம் ஏற்ற ஆயத்தமாக இருந்து, பிள்ளை முதிரும் வரை பொறுத்திருந்தால் இரு உயிரும் பிழைக்கும் வாய்ப்புப் பெரிதும் கூடும் என்று எடுத்துக்காட்டினார். பெரிய உயிரா சின்ன உயிரா என்ற நமது திரைப்படக் கேள்விக்குப் பெல்பாஸ்றில் அன்றே விடை கிடைத்துவிட்டது. நமது ஸ்டூடியோக்களுக்கு அச்செய்தி எட்டவில்லை.

நோயைக் காணுமுன் சொல்லைக் காண்போம். விமர்சகனின் தொழில் அங்கிருந்தே தொடங்குகிறது. பிள்ளை பிறந்தபின் வெளிவரும் இவ்வுறுப்பை நம்மவர் வீட்டிலே ‘நஞ்சு’ என்றனர். முழுவதும் வெளிவராமல் உள்ளே தங்கினால் தாயைக் கொல்லும் என்ற அனுபவ அறிவு அச்சொல்லில் உறைந்திருக்கக் கூடும். ஆனால் ஒன்பது மாதம் பிள்ளைக்கு உணவூட்டிய உறுப்பு, தன் வேலை முடிந்த கணத்திலிருந்து மட்டுமே பெயர் பெறுகிறது. அப்பெயரும் விஷம் என்பது. பசு கன்று ஈன்றபின் விழும் அதே உறுப்புக்கு நமது உழவர் இட்ட பெயரோ ‘இளங்கொடி’. அதைப் பழஞ்சாக்கிலே கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவர். மரத்தில் பால் வடிவதுபோலப் பசுவும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. பசுவின் உறுப்புக்கு அழகான பெயரும் மரக்கிளையும்; பெண்ணின் உறுப்புக்கு விஷத்தின் பெயரும் கொல்லைக் குழியும். சொத்தாகக் கருதப்பட்ட உயிருக்கும் தீட்டாகக் கருதப்பட்ட உயிருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மொழி இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் இடங்கள் அதிகமில்லை. மேடைகளிலே தொப்புட்கொடி உறவு பற்றி முழங்குவோருக்கும் ஒன்று சொல்லலாம். அக்கொடியின் மறுமுனை எங்கே பொருத்தப்பட்டிருந்தது என்பதை அவர்களில் எவரும் இதுவரை குறிப்பிட்டதாகத் தெரியவில்லை.

கருப்பையினுள்ளே பார்க்கும் கருவி எங்கிருந்து வந்தது? பொன்முலாம் பூசிய தனியார் நிலையங்களில் இக்கருவியைக் காண்பவர், அது செல்வந்தரின் உலகில் பிறந்து ஏழைகளுக்குச் சிறிது சிறிதாகக் கசிந்தது என்று நினைக்கலாம். வரலாறு வேறு. சில பளிங்குகளை அழுத்தும்போது மின்னூட்டம் பிறப்பதை 1880 இல் கியூரி சகோதரர் கண்டனர். அவர்களுள் இளையவரான பியேர் கியூரியின் மாணவர் போல் லாஞ்சவின், முதலாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக அப்பளிங்கைக் கொண்டு செவிக்கெட்டாத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைப் பெற்றார். பாசிசத்தை எதிர்த்து நின்று நாஜிகளின் சிறைக்குச் சென்று பின்னர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்த அதே லாஞ்சவின்தான். 1928 இல் சோவியத் விஞ்ஞானி சொக்கொலோவ் உலோகங்களின் உட்பழுதை அவ்வொலியால் அறியலாம் என்று முன்மொழிந்தார். கப்பல் கட்டும் கிளாஸ்கோவை அண்டிய ரென்பிரூ என்ற இடத்தில் ஒரு கொதிகலன் தொழிற்சாலை இருந்தது. அங்கே ஒட்டுவேலையில் விரிசல் உண்டா என்று பார்க்கத் தொழிலாளர் இத்தகைய கருவியைக் கையாண்டனர். 1955 இல் மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட், சத்திர சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அத்தொழிற்சாலைக்கே சென்றார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையார் ஒரு மாட்டிறைச்சித் துண்டையும் தந்தனராம். டொம் பிரவுன் என்ற இளம் பொறியியலாளரும் மக்விகார் என்ற மருத்துவரும் உடனுழைக்க, 1958 ஜூனில் அம்மூவரின் கட்டுரை லான்செற் சஞ்சிகையில் வெளியாயிற்று. இரும்பின் விரிசலைத் தேடிய தொழிலாளியின் கருவிதான் இன்று தாயின் வயிற்றின் மேல் வைக்கப்படுகிறது.

அதற்கு முன் எக்ஸ் கதிரால் நஞ்சுக்கொடியின் இடத்தைக் காண முயன்றனர். 1934 முதலே அத்தகைய படங்கள் உண்டு. நிழல் மங்கலானது, அபாயமோ தெளிவானது. கருவிலிருக்கும்போது எக்ஸ் கதிர் பட்ட பிள்ளைகளிடையே புற்றுநோய் மரணம் கூடுதலாக இருப்பதை அலிஸ் ஸ்ருவேட் என்ற மருத்துவப் பெண்மணி 1956 இல் வெளிப்படுத்தியபோது, அவருடைய துறையினரே அவரை நெடுங்காலம் நம்ப மறுத்தனர். ஒலியைக் கொண்டு நஞ்சுக்கொடியின் இருப்பிடத்தை அறியும் முறையை 1966 இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர்கள் அறிக்கையிட்டனர். அதன்பின் இத்துறையில் எக்ஸ் கதிரின் காலம் முடிந்தது.

ஆயினும் கழியொலிப் படம் புகைப்படம் போன்றதன்று. அது எதிரொலிகளைக் கணக்கிட்டு வரைந்த நிழல். வாசிக்கத் தெரிந்தவருக்கே அது பொருள் தரும். வாசகர் கவனிக்கத்தக்க உதாரணமொன்று உண்டு. கர்ப்பத்தின் இருபதாவது வாரமளவில் எடுக்கப்படும் படங்களில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகக் காணப்படும் பெண்கள் பலர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரில், ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒன்பது பேரில், பிரசவ காலத்துக்குள் அது வாசலைவிட்டு விலகிவிடும். கொடி நகர்ந்து போவதில்லை; கருப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து நீள்வதால் இடைவெளி கூடுகிறது. எனவே முப்பத்திரண்டாவது வாரமளவில் மறுபடி பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்திருந்தால் கருப்பையின் கீழ்ப்பகுதி அமுங்கி, மேலே உள்ள கொடியும் கீழே இருப்பதுபோல் தோற்றும். போத்தல் போத்தலாக நீர் குடித்துவிட்டு வாங்கில் அமர்ந்து தன் இலக்கம் வரும்வரை தவிக்கும் பெண்ணின் அவஸ்தை படத்தையே பொய்யாக்கக் கூடும்! ஐயம் ஏற்பட்டால் யோனி வழியாகப் பார்க்கும் கருவியே துல்லியமானது. அனுபவமுள்ளவர் கையில் அது ஆபத்தற்றது. கருப்பை வாயிலிருந்து கொடியின் விளிம்பு 20 மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருக்கிறதா என்பதை அதுதான் நம்பகமாகச் சொல்லும். திரைச்சீலையொன்று இல்லாத அறையில் அச்சோதனைக்கு எந்தப் பெண் உடன்படுவாள் என்பது வேறு கேள்வி.

கொழும்புக்கு வடக்கே, வத்தளையை அடுத்து, களனி கங்கைக்கு அப்பால் கடலோரமாய்க் கிடக்கிறது ஹெந்தளை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை தாங்கமாட்டாத தமிழ்க் குடும்பங்கள் பல இப்பக்கம் வந்து குடியேறியுள்ளன. மருத்துவ வரலாற்றில் ஹெந்தளைக்கு ஒரு பழைய பெயர் உண்டு. ஒல்லாந்தர் 1708 இல் நிறுவிய தொழுநோய் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. மேலைநாட்டு மருத்துவத்தின் கண் இவ்வூரில் முதன்முதல் திறந்தது நோயாளியைச் சமூகத்தின் கண்ணிலிருந்து ஒதுக்குவதற்காக. பார்ப்பவர் கையில் முழு அதிகாரமும், பார்க்கப்படுபவர் வாயில் மௌனமும் என்ற அந்த ஏற்பாடு தொழுநோயோடு மட்டும் நின்றுவிடவில்லை.

ஆசிரியத் தொழில் புரிபவர் வீட்டுக்கு அயலவர் ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டுவந்து வாசிப்பித்தல் நமது ஊர்களில் வழக்கம். அவ்வாறே இளம் பெண்ணொருத்தி தன் ஸ்கான் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தாள். இருபத்தோராம் வாரம். நகரத்துத் தனியார் நிலையமொன்றில் எடுத்தது. பிள்ளையின் தலையளவு, தொடையெலும்பின் நீளம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அட்டவணையாக இருந்தன. நடுவே ஒரு வரி: ‘பிளசென்டா அன்டீரியர், லோ லையிங்.’ ‘லோ’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் விளங்கிக்கொண்டாள். பிள்ளை கீழே இறங்கிவிட்டது, எந்நேரமும் விழுந்துவிடும் என்பது அவ்வீட்டாரின் முடிவு. மாமியார் நேர்த்திக்கடன் வைத்துவிட்டார். அவளோ நாலு நாட்களாகப் பாயைவிட்டு எழவில்லை. பிள்ளை விழப்போவதில்லை என்பதையும், பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும் என்பதையும் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதைவிட முக்கியமானதையும் சொல்லவில்லை: வலியே இல்லாமல் சிறிது இரத்தம் கண்டாலும் இரவென்றும் மழையென்றும் பாராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், மறுபடி படம் எடுக்கும் நாளைத் தவறவிடக் கூடாது. வீண் அச்சம் முழுமையாகக் கிடைத்தது; வேண்டிய அச்சம் கிடைக்கவேயில்லை. அப்பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியிடம் அறிக்கையைக் காட்டச் சொல்லி அனுப்பினேன். அடுத்த படத்தில் கொடி மேலே விலகியிருந்தது. பிரசவம் ராகமையில் இடரின்றி நடந்தது.

அப்பெண் க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கற்றுச் சித்தியடைந்தவள். சூல்வித்தகம் என்றால் என்ன என்று கேட்டபோது, சிசுவின் போசணையும் கழிவுப் பரிமாற்றமும் நிகழும் இடம் என்று புத்தகத்தில் உள்ளவாறே ஒப்புவித்தாள். அவளுடைய அறிக்கையில் ‘பிளசென்டா’ என்று எழுதியிருப்பதும் மாமியார் ‘நஞ்சு’ என்று சொல்வதும் அதே உறுப்பைத்தான் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. ஓர் உறுப்புக்கு மூன்று பெயர்கள். மூன்றும் ஒன்றையொன்று அறியாத மூன்று அறைகளில் வாழ்கின்றன. பாடசாலையின் சொல் பரீட்சைக்கு உரியது. ஆஸ்பத்திரியின் சொல் மருத்துவருக்கு உரியது. அடுக்களையின் சொல் அச்சத்துக்கு உரியது. மூன்றுக்கும் இடையே கதவு இல்லை. நமது பாடநூல்களில் தூய கலைச்சொல்லை ஆக்கித் தந்த அறிஞர்களின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. எனினும் எந்த மருத்துவமனையிலும் எவரும் உச்சரிக்காத சொல்லை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டுத் தாய்மொழிக் கல்வியின் வெற்றி என்று மகிழ்வது பாதி மகிழ்ச்சியே.

இது தவிர்க்க முடியாத நிலை என்பாருக்கு வரலாறு விடை தருகிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலொன்று 1857 இலேயே அவரால் தமிழாக்கப்பட்டு அச்சாயிற்று. மிஷனரியின் நோக்கங்கள் பற்றி நமக்கு மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1870 இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. இன்றும் நாட்டின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. 1956 இன் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிற்று. 1987 இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. இரண்டும் ஸ்கான் அறையின் வாசலைத் தாண்டவில்லை. இதில் நீர்கொழும்பு வீதியில் வாழும் சிங்களத் தொழிலாளியின் மனைவிக்கும் அவளது தமிழ் அயலாளுக்கும் பேதமில்லை. அவ்வறிக்கை இருவருக்கும் ஒரே விதமாக ஊமை. மொழிப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக மட்டும் பார்த்துப் பழகிய நாம், அதன் வர்க்கப் பக்கத்தை இங்கே தெளிவாகக் காணலாம்.

அறிக்கை ஊமையாயிருக்கையில் படம் மட்டும் ஓயாது பேசுகிறது. பிள்ளையின் முகத்தை முப்பரிமாணத்தில் காட்டும் படங்கள் அட்டையிலே ஒட்டப்பட்டுக் கையில் கொடுக்கப்படுகின்றன. குடும்பம் மகிழ்கிறது, மகிழ்வதில் பிழையில்லை. ஆனால் தாய் காசு கொடுத்துப் பெறுவது ஓவியம். அவளுக்கு வேண்டியது வாசிப்பு. முகம் யாரைப் போல் இருக்கிறது என்று அரை மணி நேரம் பேசும் வீடு, கொடி எங்கே இருக்கிறது என்று ஒருமுறையாவது கேட்பதில்லை. இந்தியாவில் இதன் விகாரம் வேறொரு எல்லைக்குச் சென்றது. பெண் கருவைக் கண்டறிந்து அழிக்க இதே கருவி பயன்பட்டதால், பாலினத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கி 1994 இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. உசிலம்பட்டிப் பகுதியில் பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 1986 இல் பத்திரிகை வெளிப்படுத்தியபோது அதிர்ந்த நகரத்துப் படித்த வர்க்கம், அதே காரியத்தைப் பிறப்புக்கு முன்பே குளிரூட்டிய அறையில் செய்துகொண்டது. இரும்பிலே விரிசலைத் தேடப் பிறந்த கருவிக்குச் சமூகத்தின் விரிசல் தெரிவதில்லை.

கருவியை நோக்கிய குருட்டு வழிபாடும் ஆகாது. நஞ்சுக்கொடியின் இன்னொரு கேடு, பிள்ளை பிறக்குமுன்பே அது கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடுவது. வயிறு கல்லாக இறுகும். தாங்கமுடியாத வலி எடுக்கும். இரத்தம் உள்ளேயே தேங்கி வெளியே சிறிதளவே தெரியலாம். கழியொலிப் படம் இத்தகைய பிரிவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றைக் காட்டாது விட்டுவிடும். படத்தில் ஒன்றுமில்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தியன்று. இங்கே கைதான் கண். வயிற்றைத் தொட்டு அதன் இறுக்கத்தை உணரும் மருத்துவிச்சியின் கை, இரத்த அழுத்தத்தை மாதாமாதம் அளந்து எழுதிய அவளது குறிப்பு, இவையே முதலில் எச்சரிக்கின்றன.

இலங்கையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1930 களில் இங்கே ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000 க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1980 களின் தொடக்கத்தில் அது 100 க்குக் கீழே இறங்கிவிட்டது; 2010 களில் ஏறத்தாழ 30 க்கும் 40 க்கும் இடையில் இருந்தது. ஸ்கான் கருவி ஊர்தோறும் பரவுமுன்பே பெருவீழ்ச்சி நிகழ்ந்துவிட்டது. 1879 இல் திறந்த கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை, 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, 1931 இன் சர்வசன வாக்குரிமை, இலவசக் கல்வி, மலேரியா ஒழிப்பு, இலவச மருத்துவமனைகள், எல்லாவற்றுக்கும் மேலாக வீடுவீடாக நடந்த மருத்துவிச்சிகள் சாதித்தது அது. வாக்குச்சீட்டு உள்ள பெண்ணின் மரணத்தை அரசு எண்ணத் தொடங்கிற்று. இன்று ஒவ்வொரு தாய் மரணமும் தனித்தனியே விசாரிக்கப்படுகிறது. சுமைதாங்கியின் இடத்தைப் பதிவேடு பிடித்தது இவ்வாறே. மலையகத்தின் லயன் அறைகளுக்கு மட்டும் இம்முன்னேற்றம் பின்தங்கியே சென்றது என்பதையும் மறைத்தலாகாது.

இன்றைய பிரச்சினை சற்று வேறானது. அதை நமது பத்திரிகைகள் இன்னும் கவனிக்கவில்லை. நாட்டின் பிரசவங்களில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்டவை இப்போது வயிறு கீறி நடைபெறுகின்றன. அவற்றுள் உயிர்காக்கும் கீறல்கள் உண்டு. நஞ்சுக்கொடி வாசலை மூடியிருந்தால் வேறு வழியே இல்லை. மருத்துவமனையின் வருமானத்துக்கும் வைத்தியரின் வசதிக்கும் சோதிடர் குறித்த சுபவேளைக்கும் நடக்கும் கீறல்களும் உண்டு. நட்சத்திரம் பார்த்துக் கத்தி வைக்கும் இந்த விநோதக் கூட்டணியில் பழைமையும் பணமும் கைகோத்து நிற்கின்றன. விலை கொடுப்பது அடுத்த கர்ப்பம். கீறிய தழும்பின் மேல் நஞ்சுக்கொடி வந்து அமர்ந்தால், அது தன் எல்லையைக் கடந்து கருப்பைத் தசைக்குள் வேரோடக் கூடும். பிரிக்க முற்பட்டால் சில நிமிடங்களில் உடல் இரத்தத்தின் பெரும்பகுதி போய்விடும். 2006 இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று, நஞ்சுக்கொடி வாசலை மூடியிருந்த பெண்களில் இவ்வாறு வேரோடியவர்களைக் கணக்கிட்டது. முதலாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 3 பேர், இரண்டாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. இந்த நான்கு எண்களையும் சோதிடருக்கு யாரேனும் அனுப்பிவைத்தால் நல்லது.

இங்கே கழியொலிப் படத்தின் பணி மகத்தானது. நிறப்படத்தில் தெரியும் இரத்த ஓட்டம், கொடியினுள் காணும் ஒழுங்கற்ற குழிவுகள், கருப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலுள்ள கோடு சிதைந்திருத்தல் ஆகியன முன்னறிவிப்புத் தருகின்றன. ஐயமிருப்பின் காந்த அதிர்வுப் படம் துணைநிற்கும். முன்கூட்டி அறிந்தால் அனுபவமிக்க சத்திர சிகிச்சையாளரும் மயக்க மருந்து நிபுணரும் பல போத்தல் இரத்தமும் உள்ள இடத்தில் நாள் குறித்துச் செய்யலாம். அறியாமல் வயிற்றைத் திறந்தால் அதுவே பேரிடர். இலங்கையின் இரத்த வங்கி 2014 முதல் முழுவதும் காசு பெறாத கொடையாளரின் இரத்தத்திலேயே இயங்குகிறது. இனம், மதம் கேளாது கொடுக்கப்படும் அந்த இரத்தம் நாம் பெருமைப்படத்தக்க பொதுவுடைமை. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் அருகின. பயிற்சி பெற்ற மருத்துவர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். படம் எடுக்கும் கருவி இருந்தும் வாசிப்பவரும் வாசித்தபின் செயற்படும் கூடமும் இல்லாத ஊரில், அந்தப் படம் முன்கூட்டியே எழுதப்பட்ட மரண அறிவித்தலாகிவிடும்.

பெண்களுக்கு இவற்றையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மருத்துவ நண்பர் சிலர் கூறுவர். ஹெந்தளைப் பெண் சொல்லாததால்தான் பயந்தாள். மூன்று மொழியிலும் ஒரே பக்கம் போதும்: உங்கள் கொடி இன்ன இடத்தில் இருக்கிறது, இத்தனையாம் வாரம் மறுபடி பார்க்க வேண்டும், இன்ன அறிகுறி கண்டால் இங்கே வரவேண்டும். கர்ப்பிணித் தாய்க்கு அரசு வழங்கும் பதிவேடு இங்கு முன்பே உண்டு. அதில் ஒரு கட்டம் கூட்டுவதற்குப் புதிய கருவி எதுவும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இதைக் கோருவது ஆசிரியர் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் மருத்துவ பீட மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க வேலை.

வகுப்பறையில் செய்யத்தக்கது இன்னும் சிறியது. பள்ளிப் பாடநூல்களில் காணும் கருப்பைப் படங்களில் சூல்வித்தகம் பெரும்பாலும் மேலேயே வரையப்பட்டிருக்கிறது. மாணவியர் அதைப் பார்த்து வரைந்து, பெயர் குறித்து, புள்ளி பெறுகின்றனர். அதன் அருகே, கொடி வாசலை மூடிக் கிடக்கும் இரண்டாவது படமொன்றைக் கரும்பலகையில் வரைந்து, சூல்வித்தகம், நஞ்சுக்கொடி, பிளசென்டா என்ற மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவதற்குக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் எதுவும் வேண்டியதில்லை.